பூஜை அறையில் பிலிம் சுற்றிய நாள்

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்பு முன்னால் நிற்கத் தெரியாமல் வாரத்தில் பாதி நாள் அடுப்பைத் துடைக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் சிரித்தது நியாயம்தான். ஆனாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். வெளிச்சம் பட்டால் வெள்ளி உப்பு கறுக்கும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறவள், ஒரு தடவையாவது அதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

அவர் ராணுவத்தில் இருக்கிறார். போன லீவில் போனில் எடுத்துக் குவித்த படங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பணியிடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் அவருக்கும் அவை பிரயோஜனப்படவில்லை. இந்த லீவில் போனைத் தொடக் கூடாது, எல்லாம் பிலிமில்தான், புறப்படும்போது பிரிண்ட் போட்டுச் சட்டைப் பையில் கொடுத்தனுப்புவேன் என்று சொல்லிவிட்டேன். ஆன்லைனில் ஒரு பழைய கேமராவும் வாங்கினேன். பிலிம் கழுவுகிற மருந்துப் பார்சல் நாளை வரும் நாளை வரும் என்று சொல்லிச் சொல்லி, அவர் புறப்படுவதற்கு முந்தின நாள்தான் வந்தது. ஒரு மாத லீவும் ஒரே ஒரு சுருளில் இருந்தது. அது பாழானால் அவர் கையில் கொடுக்க ஒன்றுமில்லை.

புறப்படும் நாள் காலையில் அருவியில் ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றார். சீசன் நேரம், குற்றாலத்தில் கூட்டம் இருந்தது. சாரலில் நனையாமல் கேமராவை பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். எங்கள் நான்கு வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் அருவியிலிருந்து வெளியே வந்தார். இரண்டு பேருக்கும் பல் கிடுகிடுத்தது, முடி கண்ணை மறைத்தது, எதற்கென்று இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தேன். அதோடு பிலிம் தீர்ந்தது. இந்த ஒரு படம் வந்தால் போதும் என்று அப்போதே மனசுக்குள் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அடுத்த தலைவலி. பிலிமைச் சக்கரத்தில் சுற்றி டப்பாவுக்குள் போட்டு மூடும்வரை துளி வெளிச்சம் ஆகாது. எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாதது பூஜை அறை மட்டும்தான். அங்கே என் மாமியார் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பிள்ள புறப்படுத நாளும் அதுவுமா விளக்கக் குளிர வைக்கச் சொல்லுதியா?" என்றார் அத்தை. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

கணவர்தான் நடுவில் வந்தார். "குளிர வைக்க வேண்டாம்மா. நான் அப்படியே கூடத்துக்குக் கொண்டு போறேன். எரிஞ்சுக்கிட்டேதான இருக்கும்?"

அத்தை என்னைப் பார்க்காமல் நகர்ந்துகொண்டார். கணவர் காற்றுக்குக் கை மறைத்துக்கொண்டு விளக்கைத் தூக்கிப் போனார். நான் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் போர்வையைத் திணித்தேன்.

வீடியோவில் அரை நிமிடத்தில் சுற்றிக் காட்டுகிறார்கள். எனக்குப் பிலிம் சக்கரத்துக்குள் ஏறவே இல்லை. ஏறினால் நடுவில் மடிந்தது. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. வெளியே மகள் கதவைத் தட்டினாள். "அம்மா, சாமி ரூம்ல என்ன செய்யுத? தூங்குதியா?" காவலுக்கு உட்கார்ந்திருந்த அவர், "உள்ள யாருக்கும் பெர்மிஷன் கிடையாது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவழியாகக் கடைசிவரை சுற்றி, முனையை வெட்டக் கத்தரிக்கோலைத் தேடி மேடையைத் தடவினேன். கட்டைவிரல் எதிலோ வழுக்கியது. விளக்கு இருந்த இடத்தில் எண்ணெய் தேங்கியிருந்தது. துணியில் துடைத்துக்கொண்டு வெட்டினேன். நீட்டிக்கொண்டிருந்த வாலை அதே விரலால் அழுத்தி உள்ளே தள்ளினேன். அந்த வாலில்தான் கடைசிப் படம் இருக்கிறது என்பது அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

பிறகு சமையலறை. மருந்து இருபது டிகிரியில் இருக்க வேண்டும் என்று ஐஸ் கட்டி போட்ட வாளிக்குள் பாட்டிலை வைத்தேன். டப்பாவில் ஊற்றி, நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். நான் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். வழியனுப்ப முறுக்கும் அல்வாவுமாகச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். "எங்க மருமவளக் காணும்?" என்று யாரோ கேட்க, "அங்கன மருந்து கலக்குதா" என்று அத்தை சொன்னது காதில் விழுந்தது. அடுத்து ஊற்றிய, படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸரின் புளித்த வாடை கூடம்வரை போயிருக்க வேண்டும்.

டப்பாவைத் திறந்து பிலிமை உருவினேன். படம் இருந்தது. வரிசையாக எல்லாம் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் மகள் ஓடி வந்தாள்.

குளியலறையில் தொங்கவிட்டேன். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் கைக்குட்டைகூடக் காயாது. தூசு ஒட்டும் என்று ஃபேனும் போட முடியாது. கூடத்துக்கும் குளியலறைக்கும் நடையாய் நடந்தேன். "ஒரு எடத்துல இரியேன்" என்றார் அவர். இருக்க முடியவில்லை. மாலை ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டே இருந்தது.

காய்ந்தும் காயாமலும் எடுத்து, லேப்டாப்பின் வெள்ளைத் திரைமேல் பிடித்துப் போனில் எடுத்து, கறுப்பை வெளுப்பாக மாற்றி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்து வந்தேன். கோயில் வாசல் காற்றில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மகள் நிற்கிற படமும், அவளுக்கு அவர் சோறு ஊட்டுகிற படமும் கண்ணாடி மாதிரி வந்திருந்தன. அருவிப் படத்தில் மட்டும் அவர் தோளுக்குப் பக்கத்தில் கறுப்பாக என் கட்டைவிரல் அடையாளம், ரேகை ரேகையாக. எண்ணெய் பட்ட இடத்தில் மருந்து பிடிக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இத விட்டுருங்க. மத்தத எடுத்துக்கோங்க" என்று அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கப் போனேன்.

அத்தை எட்டிப் பார்த்தார். "அது என்னது கருப்பா?"

"வெளக்கு எண்ணெய், அத்தை. கை பட்டுட்டு."

அத்தை படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகன் பெட்டி இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கணவர் நல்ல படங்களை எல்லாம் என் கையில் திருப்பிக் கொடுத்தார். கெட்டுப்போனதைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"நல்லதா ஒண்ணு எடுத்துட்டுப் போங்கன்னா..."

"அதுல எல்லாம் நாங்க ரெண்டு பேருதான இருக்கோம்" என்றார். "இதுலதான் நீயும் இருக்க."

காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தவள், அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.