ஏறியது வேறு படகு

தொண்ணூறுகளில், கல்யாணமான புதிதில், நானும் கணவரும் சூலூரிலிருந்து கொச்சிக்குச் சுற்றுலா போனோம். பஸ்ஸிலும் படகிலுமே ஊரைப் பார்ப்பதாகத் திட்டம்.

எர்ணாகுளம் படகுத்துறையில், ஜன்னலோரம் இடம் பிடிக்கும் ஆசையில் நான் முன்னால் ஓடி ஏறிவிட்டேன். படகு நகர்ந்த பிறகுதான், பக்கத்துப் படகிலிருந்து கணவர் கையாட்டுவதைப் பார்த்தேன். என்னிடம் ஒரு பைசா இல்லை. பாஷையும் தெரியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அருகிலிருந்த மலையாளப் பெண்மணி தனக்குத் தெரிந்த தமிழில், "இது வைப்பின் போகும் படகு. அவர் போறது ஃபோர்ட் கொச்சி, நேர் எதிர்க்கரை. நீ இறங்குற இடத்திலேயே நில்லு, அவர் வருவார்" என்றார். தன் பஸ்ஸை விட்டுவிட்டு எனக்குத் துணையாகவும் நின்றார்.

அவர் சொன்னபடியே கணவர் அடுத்த படகில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க அம்மணி, என்னைய உட்டுப்போட்டுத் தனியா ஊர் சுத்தறீங்களா?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அன்று சாயங்காலம்வரை ஆசை தீரப் படகில் சுற்றினோம்.

இப்போதெல்லாம் எங்கே கிளம்பினாலும், பிரிந்துவிட்டால் எங்கே காத்திருப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்கிறோம். என் இடுப்பில் தனியாக ஒரு சுருக்குப்பையும் இருக்கும்.