ஓரம் வெட்டிய மனு

நான் பார்த்ததிலேயே சுத்தமான மேசை எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளருடையதுதான். அரசாங்க வேலையில் தலை நரைத்தவன் சொல்கிறேன், அந்த மேசையை நினைத்தால் இன்னமும் எனக்குக் குமட்டுகிறது.

கள்ளக்குறிச்சியில், மாணவர் விடுதிகளுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் ஒரு சின்ன அலுவலகம் அது. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மனுக்களை வாங்கிப் பதிவு செய்யும் இளநிலை உதவியாளர். கண்காணிப்பாளர் காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை மேசைக் கண்ணாடியைத் துடைப்பது. அதற்கென்று ஒரு மஞ்சள் துணியை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருப்பார். துடைத்து முடித்ததும் குனிந்து, கண்ணாடி மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய், ஒரு பக்கமாகப் பார்ப்பார். எங்காவது தூசி ஒளிந்திருக்குமாம். பிறகு குண்டூசி டப்பா, சிவப்புப் பேனா, நீலப் பேனா எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து வரிசையாக நிறுத்துவார். ஸ்கேல் என்று நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே ஸ்கேல். இந்த அபிஷேகமெல்லாம் முடியப் பதினொரு மணியாகும். பதினொன்றுக்கு டீ வரும். டீ கிளாஸுக்கு மேசையில் இடமில்லை, ஜன்னலில்தான் வைக்க வேண்டும்.

"மேசையப் பாத்தா ஆளத் தெரிஞ்சிக்கலாம் தம்பி" என்பார் என்னிடம். நானும் சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

கோப்பில் ஒரு தாள் துருத்திக்கொண்டிருந்தால் அவருக்குப் பொறுக்காது. அந்தத் தாளில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கல்வராயன் மலையிலிருந்து ஓர் அம்மா வந்தார். வெள்ளிமலையைத் தாண்டி ஏதோ ஊர். மகள் ஐந்தாவது முடித்திருந்தாள். அங்கே அதற்கு மேல் வகுப்பு இல்லை. கீழே விடுதியில் இடம் கிடைத்தால் ஆறாவது படிப்பாள், கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு சரி. மனுவை ஊர் வாத்தியார் எழுதிக் கொடுத்திருந்தார், கணக்கு நோட்டில் கிழித்த நீளமான தாளில். அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வாத்தியார் நெருக்கி நெருக்கி எழுதியிருந்ததில், தாளின் அடியில் இரண்டு விரல் அகலம்தான் மிச்சம். மைப்பெட்டியில் அந்த அம்மாவின் பெருவிரலை ஒற்றி, நானே கையைப் பிடித்து அங்கே ரேகை வைத்தேன்.

"எடம் கெடைக்குங்களா சார்?"

"கெடைக்கும்மா. மலைப் புள்ளைங்களுக்குன்னு ஒதுக்கனதுல ஒரு எடம் காலியாத்தான் இருக்குது. மாசக் கடைசியில லிஸ்டு போட்டுடுவாங்க" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

மறுநாள் மூங்கில்துறைப்பட்டில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போனேன். திரும்ப முடியவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் ஆரம்பித்துவிட்டது. புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. ஆலைக்குக் கரும்பு ஏற்றிவந்த டிராக்டர்கள் நின்ற இடத்திலேயே நின்று காய்ந்தன. ஒரு வாரத்துக்கு யாரும் எங்கேயும் நகரவில்லை.

கண்காணிப்பாளர் வீடு அலுவலகத்துக்கு அடுத்த தெரு. அவர் மட்டும் தினமும் வேலைக்கு வந்திருக்கிறார். படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பங்கைப் பிரித்துத் தர வேண்டிய நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, இந்த மனிதர் எங்கள் எல்லோருடைய மேசையையும் சுத்தம் செய்திருக்கிறார்.

திரும்பி வந்து பார்த்தால் எனக்கு என் மேசையே அடையாளம் தெரியவில்லை. மனுக்கள் எல்லாம் ஒரே கட்டாக, பந்திக்கு நறுக்கி அடுக்கிய வாழை இலை மாதிரி, நான்கு பக்கமும் ஒரே மட்டமாக இருந்தன.

"இன்னா, பாத்தியா? ஒண்டியா கெடந்து செஞ்சேன். ஒரு தாளாவது நீட்டிக்கினு இருக்குதா பாரு" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

எப்படி நீட்டும்? நீட்டிக்கொண்டிருந்ததை எல்லாம் ஸ்கேல் வைத்து பிளேடால் அறுத்திருந்தார். மலை அம்மாவின் மனு அந்தக் கட்டுக்கு நடுவில் இருந்தது. அதன் அடிப்பகுதியைக் காணோம். மேல் ஓரத்தில் அவரே சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்: 'மனுவில் கையொப்பமோ ரேகையோ இல்லை. திருப்பப்படுகிறது.'

வெட்டிய துண்டுகளையும் அவர் வீணாக்கவில்லை. கோப்புகளில் பக்கத்துக்கு அடையாளமாகச் செருகும் கொடிகளாக மாற்றியிருந்தார். அரை நாள் தேடினேன். நாற்காலி வாங்கியது சம்பந்தமான கோப்பில், 'இ' என்று எழுதிய கொடியில், ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல் இருந்தது. உருவிக்கொண்டு அவரிடம் போனேன்.

"சார், இது அந்தம்மா வெச்ச ரேகை."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரேகைதான். ஆனா மனுவுல இல்லியே."

"மனுவுல இருந்தத நீங்கதான் சார் வெட்டியிருக்கீங்க."

"நான் வெட்டனது ஓரம்" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக. "அளவுக்கு மேல நீட்டிக்கினு இருக்கறது மனுவுல சேராது. அத மொதல்ல தெரிஞ்சிக்க."

கோந்து போட்டுத் துண்டை ஒட்டிக் கொண்டுபோய் வைத்தேன். ஈரத் துண்டை நகத்தால் பிய்த்துக் கூடையில் போட்டார். ஒட்டுப் போட்ட தாளை உள்ளே வைத்தால் கட்டு ஒரு பக்கம் உப்பிக்கொள்ளுமாம். கண்ணாடியில் கோந்து பட்டதற்காக என்னை ஒரு முறை முறைத்துவிட்டு மஞ்சள் துணியை எடுத்தார். இப்படி ஒரு ஜென்மத்துக்குத்தான் அரசாங்கம் மாசம் தவறாமல் சம்பளம் கொடுத்தது.

மேலே ஓர் அதிகாரி இருந்தார். அவரிடம் போயிருக்கலாம். போகவில்லை. என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. என்னைப் பற்றிக் குறிப்பு எழுத வேண்டியவர் கண்காணிப்பாளர். மனுவை உறையில் போட்டு, விலாசம் எழுதி, மலைக்குத் தபாலில் அனுப்பினேன். மலைக்கு பஸ் இன்னும் ஓடவில்லை என்பதும், மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலேயே தபால் தேங்கிக் கிடக்கிறது என்பதும் அனுப்பும்போதே எனக்குத் தெரியும்.

பட்டியல் போட்டு மூன்றாம் நாள் அந்த அம்மா வந்தார். கச்சிராயபாளையம் வரை நடந்தே இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். இடம் வாங்கி அப்படியே சேர்த்துவிட்டுப் போகலாம் என்று மகளையும் கூட்டி வந்திருந்தார். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஜடை, கையில் துணிப்பை. தாமதமாகத் தபாலில் வந்து சேர்ந்திருந்த மனுவை அந்த அம்மா கண்காணிப்பாளரின் கண்ணாடிமேல் வைத்தார். அவர் அதை இரண்டு விரலால் தூக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"லிஸ்டு போயிடுச்சிம்மா. அடுத்த வருசம் பாக்கலாம்."

மனு கிடந்த இடத்தைத் துடைத்தார். ஒதுக்கிய அந்த இடம் அந்த வருடம் முழுக்கக் காலியாகவே கிடந்தது. பட்டியலில் பெயர் ஏறாமல் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அந்த அம்மா என் மேசைக்கு வந்தார். புரட்டுவதுபோல் பாவனை செய்யக்கூட என் மேசையில் ஒரு தாள் இல்லை. மனுவை விரித்து, எழுத்து முடிகிற இடத்தைத் தடவிக் காட்டினார்.

"ரேகையே இல்லன்னு எழுதியிருக்குதாம், வாத்தியாரு படிச்சிச் சொன்னாருங்க. அன்னிக்கு வெச்சமே சார்?" பிறகு மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ரொம்ப ஓரமா வெச்சிட்டங்களா?"

கண்காணிப்பாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா, கொஞ்சம் ஓரமா வெச்சிட்டீங்க" என்றேன்.