மைலேஜுக்கு ஒரு ஜெபமாலை

லாரி டீசலில் ஓடுகிறது என்று சொல்கிறவர்கள் லாரி டிரைவருக்கு வாழ்க்கைப்படாதவர்கள். என்னைப் போல வாசலைப் பார்த்துக்கொண்டே சோறு வடித்த சகோதரிகளுக்குத் தெரியும், பாதி வழி அது நம் பொறுமையில்தான் ஓடுகிறது.

முதலாளி வைத்த கெடு

எங்கள் வீட்டுக்காரர் காரைக்காலில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டினார். அரிசி ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போவார், உர மூட்டையோடு திரும்புவார். டீசல் விலை ஏறிய சமயம், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்காத வண்டியிலிருந்து டிரைவரை இறக்கிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். இவர் வண்டி மூன்றரையைத் தாண்டினதே இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, பெரியவன் வெளியூரில். படிப்பை முடித்த சின்னவன் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். இந்த வேலையும் போனால்?

அன்றிலிருந்து மைலேஜ் ஏற வேண்டுமென்று மாதாவுக்கு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தேன். இவர் சிரித்தார். "மாதாவுக்கு லாரி ஓட்டத் தெரியுமா செலின்?"

தார்ப்பாய்

ஆடி மாதம் மெட்ராஸிலிருந்து திரும்பினால் வழி நெடுக எதிர்க்காற்று. வண்டித் தார்ப்பாயோ கிழிசல். கிழிசலுக்குள் காற்று புகுந்து, கருக்களாச்சேரிக் கடலில் கட்டுமரம் பாய் விரித்தது மாதிரி உப்பிக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுக்குமாம். அதை மீறி இழுக்க என்ஜின் கூடக் குடிக்கும்.

தார்ப்பாயை வாசலில் விரித்து, கோணி ஊசியால் நானே தைத்தேன். விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் கயிற்றை இழுத்துக் கட்டினபின் மைலேஜ் கொஞ்சம் ஏறியது. முதலாளி தையலைத் தடவிப் பார்த்துவிட்டு இவரிடம் சொன்னாராம்: "ஆரோக்கியம், அடுத்த லோடுக்கு உன்னை விட்டுட்டு அந்தம்மாவை அனுப்பலாம் போலிருக்கே!"

சுர்ரென்ற சக்கரம்

நாலு மட்டும் வரவில்லை. ஒரு நாள் இவர் சாப்பிட வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். வழக்கம்போல் சக்கரங்களில் கோயில் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தேன். பின்பக்கம் ஒரு சக்கரத்தில் மட்டும் சுர்ரென்று ஆவி வந்தது. கிட்டே கை வைக்க முடியவில்லை, அப்படிச் சூடு.

நெரவியில் மெக்கானிக் பாய் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரம் கையால் சுற்ற வரவில்லை. பிரேக் சரியாக விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. தளர்த்திவிட்டு, சாப்பாடு கொண்டுபோன என்னிடம் சொன்னார்: "ரொம்பப் பிடிச்சு வச்சா வண்டிக்கும் மூச்சு முட்டும், மனுசனுக்கும் முட்டும் தங்கச்சி. கொஞ்சம் விட்டுத்தான் பிடிக்கணும்."

கால்

மிச்சம் இருந்தது இவர் கால். வேகமாகப் போனால் டீசல் போச்சு என்றார் பாய். பூப்போல மிதிக்கணும், நிறுத்துகிற இடத்துக்கு வெகு முன்னாலேயே காலை எடுத்துவிடணும். இவர் பழகிக்கொண்டார். மைலேஜ் நாலைத் தாண்டியது. நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

முன்பெல்லாம் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறவர், இப்போது ஞாயிறு பூசை முடிந்தபிறகு வந்தார். குடும்பம் குடும்பமாய் வருகிற கோயிலுக்கு நான் தனியே போய்த் தனியே திரும்பினேன். சனிக்கிழமை ஆக்கின மீன்குழம்பு ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பில் ஏறும். அடுத்த வீட்டு லூர்து ஒரு நாள் கேட்டே விட்டாள்: "ஏன் செலினக்கா, உங்க வூட்டுக்காரரு லாரியைத் தள்ளிக்கிட்டா வர்றாரு?"

சனிக்கிழமை ரயில்

சின்னவனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை மத்தியானம் ரயில். அந்த வாரம் அரை நாள் முன்னதாகவே லோடுக்குக் கிளம்பும்போது, "ரயிலடிக்கு வந்து நான் ஏத்திவிடுறேன்டா" என்று இவர் மகனிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ரயிலடியில் ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தான். ரயில் நகர்ந்தபிறகும் வாசல்படியில் நின்று ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு போனான். நான் தனியே வீட்டுக்கு வந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இவர் வந்தார். பிள்ளையின் பெட்டிக்கென்று மெட்ராஸில் வாங்கின பூட்டு கையில் இருந்தது. வழியில் பழுதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். பூட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னிக்காச்சும் அழுத்தணும்னுதான் நெனச்சேன் செலின். கால் பழகிப்போச்சு, அழுத்த மாட்டேங்குது."

புது வண்டி

அந்த நடைக்கு இவர் வண்டி கொடுத்த மைலேஜை வேறு எந்த வண்டியும் கொடுத்ததில்லையாம். பம்பாய் லோடுக்கென்று வாங்கின புது லாரியின் சாவியை எல்லார் முன்னாலும் முதலாளி இவர் கையில் கொடுத்தார். போனால் திரும்ப வாரக்கணக்காகும். மாலை போட்ட வண்டியைப் பார்க்க நானும் போயிருந்தேன். முதலாளி என் காதுபடவே சொன்னார்: "உன்னை மாதிரி நிதானமா ஓட்டுற ஆளுதான்யா தூரத்துக்கு வேணும்."

நான் கேட்டதை மாதா ஒரு சொட்டுக் குறையாமல் கொடுத்துவிட்டாள். அவர் வீட்டுக்கு வருகிற நேரத்தையும் சேர்த்துக் கேட்க எனக்குத்தான் தோன்றவில்லை.