துண்டுக்குள் அத்தானின் போன்

அய்யலூர் சந்தையில் ஆட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்பவனும் வாங்குபவனும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு இரண்டு முகங்கள் மட்டும் தெரியும். இரண்டும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். என் அத்தான் இந்த விரல் பேச்சில் பெரிய ஆள். அவர் இறந்த பிறகு அக்கா சந்தையில் இறங்கினாள். அங்கேதான் சிக்கல். ஒரு பெண்ணின் விரலைத் துண்டுக்குள் பிடிக்க எந்த ஆணுக்கும் கூச்சம். கூசாதவனிடம் அக்கா விற்க மாட்டாள்.

வழியை அக்காவே கண்டுபிடித்தாள். அத்தானின் பழைய போனில் கால்குலேட்டரைத் திறந்து விலையைத் தட்டித் துண்டுக்கடியில் வைத்துவிடுவாள். எதிராளி துண்டின் ஓரத்தைத் தூக்கி, கோழி முட்டையிட்டிருக்கிறதா என்று கூடைக்குள் பார்ப்பவனைப் போலக் குனிந்து பார்த்து, அதை அழித்துத் தன் விலையைத் தட்டுவான். இப்படியே போய்வந்து முடியும். சந்தைக்காரர்கள் இதை ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அந்தப் போன். “அண்ணன் கையில கெடந்த போனு. அதைத் தொட்டா அண்ணன் கையத் தொட்ட மாதிரி” என்று அவர்களாகவே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தப் போனுக்குத்தான் வயதாகிவிட்டது. துண்டுக்குள் போனதும் நின்றுவிடும். மூடிய துண்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிரே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அஞ்சலி செலுத்துவது போல. அக்காவிடம் வாடிக்கையாக வாங்குகிறவர் ஒருவர் உண்டு, ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். அக்காவின் பிழைப்பில் முக்கால்வாசி அவரை நம்பித்தான். அவர் ஒரு வியாழக்கிழமை சந்தையில் சொல்லிவிட்டார்: “ஏனுங்க அக்கா, அடுத்த சந்தையிலயும் இது இப்படி நின்னுதுன்னா நான் வேற ஆளுகிட்டத்தான் போகோணும். எனக்கும் வண்டி நிக்குதுல்லங்க.”

“புதுசா ஒண்ணு வாங்கிக்கோக்கா” என்றேன்.

“புதுசத் துண்டுக்குள்ள வெச்சா எவன்டா கைய விடுவான்? நீ கணக்கு வாத்தியாருதானே, இதைச் சரி பண்ணித் தா” என்றாள்.

கணக்கு வாத்தியாருக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அறிவாளி என்று யாராவது தப்பாக நினைத்துவிட்டால் அதைத் திருத்தும் வழக்கம் எனக்குக் கிடையாது. அன்றே வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கம்பெனிக்காரன் கைவிட்ட பழைய போன்களுக்கு யாரோ முகம் தெரியாத பையன்கள் புது மென்பொருள் எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள். பழைய உடம்புக்குப் புது உயிர். ஒரே ஒரு நிபந்தனை: ஏற்றுவதற்கு முன் உள்ளே இருப்பது எல்லாவற்றையும் துடைக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் மாடி அறையில் உட்கார்ந்தேன். என் மனைவி மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பிள்ளைகளோடு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். திண்டுக்கல்லில் அந்த நேரத்துக்குத் தெருவில் நாய்கூட நடக்காது. மலைக்கோட்டைப் பாறை வெயிலைக் குடித்துக் குடித்து ஜன்னல் வழியாக நம் மேல் துப்பும். தெருவில் ஒரு சத்தமில்லை. ராத்திரி பயப்படுகிறவர்களை எனக்குப் புரியாது. எனக்கு எப்போதும் பகல் பன்னிரண்டுதான் ஆகாது.

முதலில் அத்தானின் படங்களைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தேன். அக்காவின் படம் ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் ஆடு. அப்புறம் செட்டிங்ஸில் ஓர் இடத்தை விடாமல் தட்டினேன். ‘இப்போது நீங்கள் டெவலப்பர்’ என்றது போன். என் அப்பா என்னை இன்ஜினியர் ஆக்க எவ்வளவோ பாடுபட்டார். இவ்வளவு சுளுவாக முடியும் என்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

பூட்டைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கை வந்தது. எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று. சம்மதித்துப் புது மென்பொருளை ஏற்றினேன். போன் ஒருமுறை நடுங்கியது. திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் என் முகம்தான் தெரிந்தது, மேலே ஓரத்தில் இருந்த விரிசல் நெற்றியை அறுத்துக்கொண்டு. செத்த நேரம் ஆகும் என்று வீடியோவில் சொல்லியிருந்தான். செத்த நேரம் ஆயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்காவிடம் என்ன பொய் சொல்லலாம் என்று நான் யோசிக்க ஆரம்பித்த பிறகு, யாரோ மூச்சை இழுத்துவிட்டது போல விர்ரென்றது. புது வெளிச்சம் வந்தது. வரவேற்கிறோம் என்றது.

நான் எழுந்து நின்று எனக்கே கை தட்டிக்கொண்டேன். பார்க்க ஆள் இல்லாதது ஒரு குறைதான்.

கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மேசையில் போன் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கால்குலேட்டர் திறந்திருந்தது. அதில் 1 என்று இருந்தது.

நான்தான் தட்டியிருப்பேன் என்று அழித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் 1.

இப்படித் திரை தானாகவே தொட்டுக்கொள்ளும் நோய் பழைய போன்களுக்கு உண்டு என்று வீடியோவில் பார்த்திருந்தேன். ஆனால் அந்தப் போன்கள் பேய் பிடித்தவை போலத் தலைகால் தெரியாமல் ஆடும். இது ஆடவில்லை. ஒன்றைத் தட்டியது. காத்திருந்தது. அழித்தால், அவசரமில்லாமல் இன்னொரு தடவை தட்டியது. சிம் கிடையாது, இணையம் கிடையாது, பழையது என்று உள்ளே ஓர் எழுத்து கிடையாது. என் கையாலேயே துடைத்திருந்தேன். நினைவே இல்லாத ஒரு பொருள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

நான் செய்தது அறிவியல் பூர்வமான காரியம் அல்ல. கட்டிலில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டு மூடினேன். துண்டுக்குள் வெளிச்சம் அணைந்து எரிந்தது. அப்போதுதான் உறைத்தது, துண்டைப் போட்டிருக்கக் கூடாது என்று. சந்தை மாதிரியே ஆகிவிட்டது. எதிரே நான் நிற்கிறேன், என் கைதான் இன்னும் உள்ளே போகவில்லை. அருள் நிறைந்த மரியாயே சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். பாதி ஜெபத்துக்குள் தெருவுக்கு வந்துவிட்டேன். செருப்பு போடவில்லை என்பதைத் தார் ரோடு சொல்லிற்று.

தன் ஊரான அகரத்திலிருந்து அக்கா சாயங்காலம் வந்தாள். பழுது இருக்கிறது, சந்தைக்குக் கொண்டுபோகாதே என்றேன்.

“என்ன பழுது?”

“தானா ஒரு நம்பரத் தட்டுது.”

நான் சிரிப்பை எதிர்பார்த்தேன். அவள், “என்ன நம்பரு?” என்று கேட்டாள்.

“ஒண்ணு.”

அக்கா போனை எடுத்து, நெற்றியில் சிலுவை போடுவது போல அதன் மேல் விரலால் ஒரு சிலுவை போட்டாள். “வேகமா ஓடுதுல்ல? நிக்கலைல்ல? அது போதும். வியாழக்கெழம நீயும் சந்தைக்கு வா” என்றாள்.

“நான் எதுக்கு? எனக்கு ஆட்டுல கறிதான் தெரியும்.”

“ஏலே, பயந்துட்டியா?”

“யாரு, நானா?” என்றேன். குரல் ஏழாம் வகுப்புப் பையன் குரலாக வந்தது.

வியாழக்கிழமை சந்தை கூடியபோது வெளிச்சம் சரியாக வரவில்லை. பனியும் புழுதியும் கலந்து ஆடுகள் கால் இல்லாமல் மிதப்பது போலத் தெரிந்தன. ஒட்டன்சத்திரத்துக்காரர் வந்து கிடாய்களின் முதுகைப் பிடித்துப் பார்த்தார். அக்கா அத்தானின் துண்டை விரித்தாள். அவள் விலையைத் தட்டி உள்ளே வைத்தாள். அவர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தட்டினார். அவள் பார்த்துத் தலையாட்டினாள். மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ, அவள் கடைசி விலையைத் தட்டி உள்ளே வைத்தபோது கிடாய்கள் முட்டிக்கொண்டன. இரண்டு கையாலும் கயிறுகளை இழுத்துப் பிடித்தாள். போன் அவர் உள்ளங்கையில் இருந்தது, அதன் மேல் துண்டு கிடந்தது. அதற்குள் வெளிச்சம் ஒருமுறை மினுங்கியதை நான் பார்த்தேன்.

அவர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு அந்தச் சந்தையில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். பேரம் நடக்கும்போதே துண்டை எடுத்துவிட்டார்.

அக்கா போட்ட விலை இருந்தது. அதன் வாலில் ஒரு 1 ஒட்டியிருந்தது. கணக்குப்படி பார்த்தால் ஆட்டின் விலை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அந்த விலைக்கு விற்றால் அக்கா சந்தையையே வாங்கிவிடலாம் என்று சொல்லிச் சிரிக்க வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

“அக்கா, இதை நீங்க தட்டுனீங்களா?”

“இல்லையே. என் கை கயித்துலல்ல இருக்கு.”

“வெல முடிஞ்சதும் அண்ணன் என் சுண்டுவெரல ஒருக்கா அமுக்குவாருங்க. கயித்துக்கு ஒரு ரூவா. ஆட்டுக்கு காசு குடுத்துட்ட, கயித்துக்கு யாரு குடுப்பான்னு கணக்கு. எங்க ரெண்டு பேருக்குள்ளதானுங்க அது. வெளிய சொன்னதில்ல.” அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “இப்பவும் அமுக்குன மாதிரியேதானுங்க இருந்துச்சு.”

அக்கா மெதுவாகச் சொன்னாள்: “சந்தை முடிஞ்சு வந்தா ஒத்த ரூவாயா எடுத்து மாதா படத்துக்கிட்ட வெப்பாரு. எப்படிக் கேட்டு வாங்குவாருன்னு எனக்குத் தெரியாது.”

அதற்கு மேல் அவர் பேரம் பேசவில்லை. அக்கா கேட்ட விலையையே எண்ணிக் கொடுத்தார். தனியாக ஒரு நாணயத்தை எடுத்தார். அக்காவின் கையில் கொடுக்கவில்லை. போனின் மேல் வைத்தார். “அடுத்த வாரமும் வாரனுங்க. எனக்குன்னு நாலு கெடா புடிச்சு வைங்க” என்று போனைப் பார்த்துத்தான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் வடமதுரை தாண்டியதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. சுற்றிலும் கூட்டம் இருந்தால் எனக்கு எப்போதும் அறிவு வேலை செய்யும். “ஒண்ணுமில்லக்கா. கண்ணாடியில விரிசல் இருக்குல்ல, அந்த எடத்துல திரை தானா தொட்டுக்கிடுது. அங்கன ஒண்ணாம் நம்பரு இருக்கு. அம்புட்டுத்தான்” என்று வகுப்பு எடுத்தேன்.

“அப்படியா?” என்றாள்.

“காட்டுறேன், குடு.”

வாங்கிக் கால்குலேட்டரைத் திறந்தேன். விரிசல் மேலே வலது ஓரத்தில் இருந்தது. ஒன்று கீழே இடது ஓரத்தில் இருந்தது. போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். கணக்கு வாத்தியார்கள் விடை வராவிட்டால் அப்படித்தான் செய்வோம். பஸ் குலுங்கியது. எண்கள் எதுவும் தானாக வரவில்லை. ஒரு ரூபாய் கிடைத்துவிட்டதே, இனி எதற்கு என்று தோன்றியது. அதை வெளியே சொல்லவில்லை.

அக்கா போனைத் திரும்ப வாங்கி மடியில் வைத்தாள். அத்தானின் துண்டை எடுத்து அதன் மேல் போட்டு, ஒரு கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

“என்னக்கா?” என்றேன்.

“வெயிலு” என்றாள்.

வெயில் என் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.