ஊசி போடாத மாணவி

கணவருக்கு ராணுவத்தில் வேலை. மடவார் வளாகம் பகுதியில் இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு, காய்ச்சலில் துவண்ட ஆறு மாதக் குழந்தையுடன் ஆஸ்பத்திரி வார்டில் தனியே உட்கார்ந்திருந்தேன்.

கசங்கிய வெள்ளைக் கோட்டுடன் ஒரு மருத்துவ மாணவி வந்தாள். ஸ்டெதஸ்கோப்பைத் தன் கழுத்தில் வைத்துச் சூடாக்கிய பிறகே குழந்தையின் நெஞ்சில் வைத்தாள். பிறகு குளுக்கோஸ் ஏற்றுவதற்கு ஊசியை எடுத்தாள்.

"இதுக்கு முன்ன பச்சப்புள்ளைக்குப் போட்டிருக்கியளா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பொம்மைக்குத்தான் போட்டுப் பழகியிருக்கேன்."

"அப்ப வேண்டாம்மா. நர்ஸம்மாவ வரச் சொல்லுங்க."

முகம் சுளிக்காமல் ஊசியைத் தட்டில் வைத்தாள். நர்ஸ் மூன்று இடத்தில் குத்தித்தான் நரம்பைப் பிடித்தார். அதுவரை குழந்தையின் கை அசையாமல் பிடித்திருந்தவள் அந்த மாணவிதான்.

"போட்டிருக்கேன்" என்று அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால், அந்தக் கையை நானே நீட்டியிருப்பேன். அது அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?