விபூதி பூசிய துவக்கு

பன்னிரண்டு வயதில் நான் ஒரு மோசமான பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்காகப் பாவப்படத் தேவையில்லை.

அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் இருந்தோம். எங்கள் கட்டடத்துப் பெடியன்கள் ஏர்சாஃப்ட் விளையாடப் போவார்கள். பிளாஸ்டிக் உண்டை சுடும் விளையாட்டுத் துவக்கு, பார்வைக்கு நிசமானது போலவே இருக்கும். றிச்மண்ட் ஹில்லுக்கு அங்காலே ஒரு பழைய கிடங்கில் அணி பிரித்துச் சுடுவார்கள். என்னையும் சேர்க்கச் சொன்னேன். "சொந்தத் துவக்கு இருந்தா சனிக்கிழமை வா. நேராச் சுடோணும்," என்றான் ஒருவன். ஒரு பெட்டையை வேண்டாம் என்று சொல்ல அது ஒரு சாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னிடம் இருந்தது பிறந்தநாள் காசு மட்டும். கடையில் அதற்குக் கிடைப்பது, ஒவ்வொரு உண்டைக்கும் கையால் இழுத்துவிட வேண்டிய ஸ்பிரிங் துவக்கு. அம்மாவின் தம்பியான மாமா, "உது சின்னப்பிள்ளையளின்ர சாமான். பழசெண்டாலும் பற்றறித் துவக்கு எடுப்பம்," என்று தெரிந்தவர் ஒருவரிடம் பாதிக் காசுக்கு வாங்கிவந்தார். அதுவரை நல்ல யோசனைதான். ஆனால் மாமா எதை வாங்கினாலும் றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குக் காட்டாமல் விடமாட்டார். காருக்குச் செய்ததை இதற்கும் செய்தார். துவக்கை டிக்கியில் வைத்துவிட்டு என் பெயரில் அருச்சனை செய்து, கார் நிற்பாட்டும் இடத்தில் வைத்தே அதற்கு விபூதி பூசிக் குங்குமமும் வைத்துக் கொண்டுவந்தார்.

வீட்டில் பீட்சாப் பெட்டியைச் சுவரில் சாத்திச் சுட்டோம். உண்டை பெட்டியை விட்டு எல்லா இடத்துக்கும் போனது. குறிபார்க்கும் கண்ணாடி பூட்டினால் சரிவரும் என்று மாமா வாங்கிப் பூட்டினார். பிறகு ஒரு ரோச் லைற். மிச்சக் காசும் முடிந்தது. உண்டை முன்போலவே ஃபிரிட்ஜில் பட்டது.

அப்பா தொழிற்சாலையில் மெசின் திருத்துகிறவர். அவர் துவக்கைத் தொடவே இல்லை. மேசையில் அதன் வாய் தன் பக்கம் திரும்பினால், தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பி மற்றப் பக்கக் கதிரையில் போய் இருப்பார். இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு விளையாட்டாகிவிட்டது. வேண்டுமென்றே திருப்புவேன். ஒரே பின்னேரத்தில் ஏழு தரம் எழுப்பினேன்.

"அத்தான், பற்றறியும் கழட்டிக் கிடக்கு," என்று மாமா சிரித்தார்.

"ஓம், தெரியும்," என்றார் அப்பா. என்றாலும் எழும்பினார்.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் அப்பா பள்ளிக்கூடம் போகும்போது, வழியிலுள்ள சென்ரிக் காவலரணில் ஆமிக்காரர் நெஞ்சுக்கு நேரே துவக்கை நீட்டிக்கொண்டுதான் அடையாள அட்டை கேட்பார்களாம். மாமா ஒருமுறை சொல்லியிருந்தார். அது எப்போதோ நடந்தது, எனக்கென்ன என்று இருந்தேன்.

வியாழக்கிழமை, நான் சுடும்போது எனக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு அப்பா சொன்னார். "கண்ணாடி வடிவாத்தான் கிடக்கு. குழாய்க்குள்ள துணி விட்டுப் பார், பிள்ளை."

துணி வெள்ளையாக வந்தது. கோயில் மணந்தது.

"தம்பி, உதுக்குள்ளயும் பூசினனியோ?"

"வாயில கொஞ்சம் போட்டனான்," என்றார் மாமா. "காருக்கு எஞ்சினிலயும் போடுறதுதானே."

அப்பா சிரித்ததை அந்தக் கிழமை அன்றுதான் கண்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்த ஆணியைக் கழற்றுவது, எதை எந்த ஒழுங்கில் அடுக்கி வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கழற்றினேன். உண்டையைச் சுழற்றிவிடும் சின்ன ரப்பர் ஒன்று உள்ளே இருந்தது. எண்ணெயும் விபூதியும் சேர்ந்து அதில் களியாகியிருந்தது. புது ரப்பரை அப்பா அடுத்த நாள் வேலையால் வரும்போது வாங்கிவந்தார். ஒரு பீட்சாவின் விலைகூட இல்லை. கண்ணாடிக்குக் கொடுத்த காசை நினைத்து மாமாவைத் திட்டினேன். ஐந்து உண்டையும் பெட்டியில் பட்டதும் திட்டுவதை நிறுத்தினேன்.

சனிக்கிழமை அப்பாதான் மாமாவின் காரில் கொண்டுபோனார். பெற்றோர் படிவத்தில் கையெழுத்து வைத்தார். கிடங்கு முழுக்கத் துவக்குச் சத்தம். மூன்று மணித்தியாலமும் வலைக்குப் பின்னால் நின்றார். நான் இரண்டு பேரை விழுத்தினேன். சாட்டுச் சொன்னவன் வந்து, "அடுத்த கிழமையும் வாறியோ?" என்றான். அவன் முகத்தை இன்றைக்கும் நினைத்துச் சந்தோசப்படுகிறேன்.

வீட்டுக்கு வந்து மேசையில் துவக்கைத் துடைத்தேன். எதிரே அப்பா தேத்தண்ணியோடு இருந்தார். பழைய விளையாட்டு ஞாபகம் வந்தது. வாயை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் எழும்பவில்லை. கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். "வாற சனிக்கிழமை எத்தினை மணிக்குப் போகோணும்?" என்று கேட்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. பழகிவிட்டார், இனி அவரை எழுப்ப ஏலாது என்று நினைத்தேன். அவர் கோப்பைக்குக் கீழே மேசையில் தேத்தண்ணி சிந்தியிருந்தது. துடைத்துவிடச் சொன்னார். நீங்கள் சிந்தினதை நீங்களே துடையுங்கோ என்றேன்.