வாசலில் சுடுகாட்டு மல்லி

விக்கிரமங்கலத்தில் பொன்னம்மாள் வீட்டு வாசலைப் பார்த்தால் யாருக்கும் செடி வைக்கத் தோன்றாது. அரை அடி தோண்டினால் சுண்ணாம்புக்கல். இன்னும் தோண்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக்கல். கணவர் உத்திராபதி இறந்த பிறகு அங்கே அவள் மல்லி வைத்தாள், கனகாம்பரம் வைத்தாள், செம்பருத்தி வைத்தாள். மூன்றும் சித்திரையைத் தாண்டவில்லை. தலையில் பூ வைக்காதவளுக்குப் பூச்செடி எதற்கு என்று தெருவில் கேட்டார்கள். வைக்கத்தான் கூடாது, பார்க்கவுமா கூடாது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் மழை ஏமாற்றியது. களையெடுக்கப் போகும் வழியில் சுடுகாடு. ஊரே காய்ந்து கிடக்க, அதன் ஓரத்தில் மட்டும் ரோஸ் நிறத்தில் பூக்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அங்கே யார் போய்த் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள்? ஊற்றாமலே பூக்கிறதென்றால் தன் வாசலுக்கு ஏற்ற செடி இதுதான் என்று முடிவுகட்டினாள். பெண்கள் சுடுகாட்டுக்குள் போகும் வழக்கமில்லை. ஆடு மேய்க்கும் பெரியவர் பாவாடையிடம் சொல்லி, ஐப்பசித் தூறலில் பத்து நாற்று பிடுங்கி வரச் செய்தாள். ஆடுகூட இதில் வாய் வைக்காது என்று அவர் சொன்னதும் அவளுக்குச் செடி இன்னும் பிடித்துப்போனது.

ஆசையில் தினமும் ஒரு குடம் ஊற்றினாள். ஏழு நாற்று வேர் அழுகிச் செத்தது. செல்லம் கொடுத்தால் சாகிற செடியை அவள் அதுவரை கண்டதில்லை. மிச்ச மூன்றின் அடியில் கடலைத்தோலைப் பரப்பி, அரிசி களைந்த தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறை காட்டினாள். மூன்றும் பிழைத்தன. விதை தெறித்துத் தெறித்து இரண்டே வருஷத்தில் வாசல் நிறைந்தது. வேலியோரம் நொச்சியும் மூலையில் கற்றாழையும் சேர்ந்துகொண்டன. குடிதண்ணீருக்கே ஊர் வரிசையில் நின்ற கோடையிலும் அந்த வாசலில் பூ இருந்தது. வேலை விட்டு வந்து அவற்றின் எதிரே அவள் கால் நீட்டி உட்காருவாள். நாளில் அந்த அரைமணி நேரம்தான் அவளுக்கென்று இருந்தது.

மறுவருஷம் மகள் பரிமளாவைப் பெண் பார்க்க மீன்சுருட்டியிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பொன்னம்மாளின் அண்ணன் குருநாதன் முதல்நாளே வந்து சேர்ந்தார். வாசலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"சுடுகாட்டு மல்லிய வாசல்ல வச்சுக்கிட்டு நல்ல காரியம் பேச முடியுமா? இதுவும் தட்டிப்போனா புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

பூவா மகளா என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? பொன்னம்மாள் தானே குனிந்து பிடுங்கினாள். கல்லுக்குள் இறங்கியிருந்த வேர் லேசில் வரவில்லை. அத்தனையையும் வாரிக்கொண்டுபோய் எதிரே இருந்த குப்பைமேட்டில் போட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்களைப் பத்தாகியும் காணோம். குருநாதன் தெருவுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். நல்ல காரியத்தில் தான் முன்னால் வரக்கூடாதென்று பொன்னம்மாள் விடியலிலேயே அடுப்படிக்குள் போய்விட்டிருந்தாள்.

பத்தேகாலுக்கு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாய் சாந்தா இறங்கி, கையில் ஒரு செடியோடு வாசலுக்கு வந்தாள். வேரோடு பிடுங்கிய செடி. ஒரு ராத்திரி குப்பையில் கிடந்தும் நுனியில் இரண்டு பூ வாடாமல் இருந்தது.

வாசல் நிறையப் பூத்த வீடு என்றுதான் தரகர் அடையாளம் சொல்லியிருந்தாராம். காய்ந்த ஊரில் வேறு எந்த வாசலில் பூ இருக்கிறது, வீடு தப்பாது என்று நினைத்திருக்கிறார். அந்த அடையாளத்தைத்தான் முதல்நாளே பிடுங்கியாயிற்றே. நாலு தெருவையும் சுற்றிவிட்டு, சகுனம் சரியில்லை, திரும்பிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது குப்பைமேட்டில் பூவும், எதிர்வாசலில் செடி பிடுங்கிய குழிகளும் தெரிந்திருக்கின்றன.

"இதையா புடுங்கிப் போட்டீங்க? நாங்க இத நித்தியகல்யாணின்னு சொல்லுவோம்ங்க," என்றாள் சாந்தா. வளர்த்தது யார் என்றும் கேட்டாள்.

குருநாதன் மென்று விழுங்கினார். தங்கச்சிதான், ஆனால் அது தாலி இழந்த பொம்பளை, அடுப்படியில் இருக்கிறது என்றார்.

"இந்த வறட்சியில பூ வளத்தவங்க கையால மொதல்ல ஒரு செம்பு தண்ணி கொடுக்கச் சொல்லுங்க. அப்பறம் பொண்ணப் பாக்கலாம்."

பொன்னம்மாள் செம்போடு வெளியே வந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து ஒரு நல்ல காரியத்தில் அவளை முன்னால் கூப்பிட்டிருக்கிறார்கள். அழக்கூடாதென்றுதான் வந்தாள். முடியவில்லை. அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. குருநாதன்கூட அதைக் கவனிக்கவில்லை.

சாந்தா பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு வாசலில் செடி பிடுங்கிய குழி ஒன்றில் அதை நிறுத்தினாள். பிறகு செம்பைச் சாய்க்கப் போனாள்.

"மிச்சத்த இதுக்கு ஊத்திரட்டுமா, சம்மந்தி?"

பொன்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சமா ஊத்துங்க சம்மந்தி," என்றாள். "ரொம்ப ஊத்துனா அதுக்குத் தாங்காது."